வாழைப்பழத்தில் தீராத மலச்சிக்கல்

குழந்தைக்கு மலச்சிக்கல் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காரைக்குடிப் பக்கம் தெருவுக்கு நாலு வைத்தியர் கிளம்பிவிடுவார்கள். மலைவாழைப்பழம் கொடு, காய்ந்த திராட்சையை ஊறப்போட்டுக் கொடு, ராத்திரி படுக்கும்போது வெந்நீர் கொடு, தொப்புளில் விளக்கெண்ணெய் தடவு. எங்கள் சின்னவளுக்கு இது எல்லாமே நடந்தது. அப்போது அவள் யூகேஜி. மலைவாழைப்பழத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்குக் கொடுத்தாயிற்று. அதே தட்டில் அதையே சாப்பிட்ட பெரியவனுக்கு எந்தக் குறையும் இல்லை. சாப்பாடுதான் காரணம் என்றால் இரண்டு பேருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

அவளுடைய நிலைமை இப்படி இருந்தது. நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் போவாள். போகிற அன்று வீடே அல்லோலகல்லோலப்படும், அழுகையும் வியர்வையுமாக. வருவது அந்தச் சின்ன உடம்பிலிருந்துதான் வந்ததா என்று நம்ப முடியாத பருமனில் இருக்கும். வாளி வாளியாக ஊற்றினாலும் கோப்பையில் இறங்காது. நடுவில் உள்ள நாட்களில் வயிறு வலிக்கிறது என்பாள், சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். இதைவிடப் புரியாத ஒன்று, ஜட்டியில் கறை. சில நாள் கொஞ்சம் தண்ணீர் போலக்கூட இருக்கும். ஒரு பக்கம் போகவே மாட்டேன் என்கிறாள், இன்னொரு பக்கம் பேதி மாதிரி ஒழுகுகிறது. பள்ளியில் இருந்து, "இந்த வயசுலயும் இப்படியா? கொஞ்சம் பழக்கி அனுப்புங்க" என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். போதாதற்குப் பகலிலேயே அவ்வப்போது ஒன்றுக்கும் பாவாடையிலேயே போய்விட ஆரம்பித்தாள்.

முதலில் சரியாகக் கண்டுபிடித்தது என் மாமியார்தான், அயித்தை என்று கூப்பிடுவோம். நான் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவள். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை என்று நாள் பூராவும் ஏதாவது ஒரு சட்டி காய்ந்துகொண்டிருக்கும். அவர்தான் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். சின்னவள் விளையாடிக்கொண்டே இருப்பாளாம். திடீரென்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாளாம். இரண்டு காலையும் கத்தரி போட்டுப் பின்னி, குதிகால் தரையில் படாமல், நுனிவிரலில். ஒரு கை தூணை இறுக்கிப் பிடித்திருக்கும். முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிற பூவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளரும், ஒன்றும் நடக்காத மாதிரி திரும்ப விளையாட ஓடிவிடுவாள். பார்த்தவர்கள் எல்லோரும் "பாவம், முக்குது பிள்ளை, வரமாட்டேங்குது" என்றுதான் சொன்னோம். அயித்தை ஒருத்தர் மட்டும், "ஏத்தா, அவ முக்கலைத்தா, அடக்குறா" என்றார்.

குழந்தை டாக்டரிடம் போனபோது இதைச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இப்படிக் காலைப் பின்னி நிற்பதை முக்குவதாக நினைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதாம். பிள்ளை வெளியே தள்ளவில்லை, பிட்டத்தை இறுக்கி உள்ளே தள்ளுகிறது. ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருக்கும், ஆசனவாயில் சின்ன வெடிப்புகூட வந்திருக்கும். அந்த வலி ஞாபகம் இருப்பதால் அடுத்த முறை உந்துதல் வரும்போது அடக்குகிறது. அடக்கிய மலத்தில் இருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இன்னும் கெட்டியாகும், பெரிதாகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். அதனால் இன்னும் அடக்கும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து மலக்குடல், நாடா தொய்ந்த பாவாடை மாதிரி விரிந்துபோகிறது. விரிந்துவிட்டால் 'வருகிறது' என்கிற உணர்ச்சியே மங்கிவிடும். உள்ளே அடைத்துக்கொண்டு நிற்கிற கட்டியின் ஓரமாக மேலிருந்து வரும் இளகிய மலம் கசிகிறது. அதுதான் ஜட்டியில் கறை. பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. அடித்தாலும் திட்டினாலும் நிற்காது, ஏனென்றால் அது அவள் கையில் இல்லை. நிறைந்த மலக்குடல் பக்கத்தில் இருக்கும் மூத்திரப்பையையும் அழுத்துவதால்தான் ஒன்றுக்கும் அடக்க முடியாமல் போகிறதாம்.

இதைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆரம்பித்து வைத்த காரணம் ஒன்று, விடாமல் பிடித்து நடத்துகிற காரணம் வேறொன்று. ஆரம்பித்தது எப்போதோ முடிந்துபோயிருக்கலாம், ஒரு காய்ச்சலாகவோ ஒரு வெயில் காலமாகவோ. நடத்துவது அடக்குதல். நாம் ஆரம்பத்தையே தேடிக்கொண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தால் அடக்குதல் பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருக்கும்.

நோய் எதுவும் இருக்கிறதா என்று அவர் பார்க்காமல் விடவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இடது பக்கம் அடிவயிற்றில் கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது, என் விரலையும் வைத்துக் காட்டினார். முதுகைத் திருப்பி இடுப்புக்குக் கீழே குழியோ முடிக்கொத்தோ இருக்கிறதா என்று பார்த்தார். கால் பலம், எடை, உயரம். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கறுப்பு மலம் போனாளா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை; அயித்தைதான், "பொறந்த அன்னைக்கு ராத்திரியே துணி மாத்துனேன்" என்றார். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்களே இல்லாமல் பிறக்கிற ஒரு குறை உண்டாம், ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று பெயர். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும், அதில் முதல் மலம் தாமதமாகும். அப்புறம் தைராய்டு குறைவு, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமை, முதுகுத்தண்டுக் கோளாறு, சில மருந்துகள் என்று பட்டியல் இருக்கிறது. ஆனால் நூற்றுக்குச் சுமார் 95 பிள்ளைகளுக்கு இதில் எதுவும் இருக்காது. உடம்பில் நோய் இல்லை, பழக்கத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. நாங்கள் ஸ்கேனுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொண்டு போயிருந்தோம்.

எதை எடுத்தாலும் மலச்சிக்கல் என்று சொல்லிவிடவும் முடியாதாம். வாரத்துக்கு 2 தடவை அல்லது அதற்கும் குறைவாகப் போவது, அடக்குவது, வலியோடு கெட்டியாகப் போவது, கோப்பையை அடைக்கிற பருமன், கழிப்பறைக்குப் பழகிய பிறகும் கசிவது, கையால் பார்த்தால் உள்ளே கட்டி இருப்பது. இவற்றில் குறைந்தது இரண்டு, ஒரு மாதமாக இருந்தால்தான் அந்தப் பெயர். மேஜையில் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒரு படம் வைத்திருந்தார். 7 வகை மலம், ஆட்டுப் புழுக்கை முதல் தண்ணீர் வரை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர் டாக்டர்கள் 1997-இல் வெளியிட்டதாம். சின்னவளிடம், "உனக்கு எது பாப்பா?" என்று கேட்டார். அதுவரை என் முந்தானைக்குள் முகத்தை வைத்திருந்தவள் எட்டிப் பார்த்து, முதலாவதில் விரலை வைத்தாள். அப்புறம் சிரித்தாள். இந்தப் பேச்சு வரும்போது அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொதுவாகப் பிள்ளைகளுக்கு இது தொடங்குவது மூன்று கட்டத்தில் என்றார். தாய்ப்பாலில் இருந்து திட உணவுக்கும் மாட்டுப்பாலுக்கும் மாறும்போது, கழிப்பறைக்குப் பழக்கும்போது, பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும்போது. எங்கள் கதையில் மூன்றாவது. கூடவே எங்கள் வீடும் சேர்ந்துகொண்டது.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இருப்பது கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய வீடு, பங்காளிகள் எல்லாம் சென்னையில். முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் கழிப்பறை. பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்; ராத்திரி ஏழு மணிக்கு ஒரு குழந்தை தனியாகக் கொல்லைக்குப் போய்வருவது எப்படி என்று யாரும் யோசிப்பதில்லை. இரண்டாம் கட்டில் வௌவால். கழிப்பறைக்குள் பல்லி. பல்பு ஒன்று, அதுவும் நினைத்தால் எரியும். குந்தி உட்காரும் கோப்பை பெரியவர்கள் அளவில் கட்டியது, அவள் கால் இரண்டு பக்கமும் எட்டாது, உள்ளே விழுந்துவிடுவோம் என்ற பயம். நமக்கு இதெல்லாம் பழகிப்போனதால் கண்ணில் படாது.

பள்ளியில் அதைவிட மோசம். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர்க்குழாய் கதவுக்கு வெளியே. இன்டர்வெல்லில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், மற்ற நேரத்தில் மிஸ் விடமாட்டார். அதனால் அவள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள்: தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும், குடிக்காமலே இருந்துவிட்டால்? சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன காரைக்குடி வட்டாரம் எங்களுடையது, பிள்ளையின் பாட்டிலோ காலையில் நிரப்பியபடியே சாயங்காலம் திரும்பி வரும். சித்திரை வெயிலிலும். பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பது சின்ன விஷயம்தான், ஆனால் எந்த வைத்தியமும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

சாப்பாட்டையும் அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். பால்தான் எங்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. சோறு இறங்கவில்லையே என்று காலை, மாலை, ராத்திரி என்று டம்ளர் டம்ளராகப் பால் போய்க்கொண்டிருந்தது. பால் வயிற்றை நிரப்பிவிடும், நார்ச்சத்து துளியும் கிடையாது. பசி இல்லாததால் காய் உள்ளே போகாது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றார், நாங்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குறைத்தோம். சில பிள்ளைகளுக்கு மாட்டுப்பாலின் புரதமே ஒத்துக்கொள்ளாமல் மலச்சிக்கல் வருவதும் உண்டாம், அப்படிச் சந்தேகம் வந்தால் டாக்டர் சொல்லிச் சில வாரம் நிறுத்திப் பார்ப்பார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. இரண்டாவது, என் தொழில். சட்டி காயும் வீட்டில் பிள்ளையின் கை சும்மா இருக்குமா? பள்ளி விட்டு வந்ததும் தேன்குழல், அப்புறம் ஒரு மாவுருண்டை, அதற்கு மேல் பால். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடமே இல்லை. இப்போது பலகாரம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான், ஒன்றே ஒன்று.

நார்ச்சத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: பிள்ளையின் வயதோடு 5 கூட்டினால் வருவது கிராம் கணக்கு. 5 வயது என்றால் சுமார் 10 கிராம். அதற்குப் பெட்டி பெட்டியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நம் சமையலிலேயே இருக்கிறது: பச்சைமொச்சை மண்டி, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய் கோசமல்லி, கொய்யா. ஆடிக்கூழ் என்கிற கும்மாயம் பயற்றுமாவில் கிண்டுவது, பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லாது. கவுனி அரிசியும் நல்லதுதான், ஆனால் நாம் அதைச் சர்க்கரையும் நெய்யுமாக விசேஷத்துக்குத்தானே செய்கிறோம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே மேலே நார்ச்சத்தைத் திணித்தால் வயிறு இன்னும் உப்பும், வலிக்கும். எங்களுக்கு நடந்ததும் அதுதான். முதலில் அடைப்பைக் காலி செய்ய வேண்டும், சாப்பாட்டுத் திருத்தம் அதற்கு அப்புறம்.

காலி செய்வதற்கு அவர் கொடுத்தது பாலிஎதிலீன் கிளைகால் என்கிற பொடி. தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும்; அது குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது, உடம்பில் அநேகமாகச் சேர்வதே இல்லை. அளவு எடையைப் பொறுத்தது, அதனால் நான் எழுதப் போவதில்லை. முதல் சில நாள் அதிக அளவு. அந்த நாட்களில் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், நல்ல பாயை விரிக்காதீர்கள். கசிவு முதலில் அதிகமாகும், பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். அடைப்பு விடுபட்டதும் அளவைக் குறைத்துத் தினமும் தொடர வேண்டும், குறைந்தது இரண்டு மாதம். அதுவும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒரு மாதம் போன பிறகுதான் மெல்ல மெல்லக் குறைப்பது. பல பிள்ளைகளுக்கு இன்னும் நிறைய மாதம் ஆகும். விரிந்த குடல் பழைய அளவுக்கு வருவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

"மருந்துக்குக் குடல் பழகிப்போயிடும்" என்று சொந்தத்தில் சொல்லாத ஆள் இல்லை. என் வீட்டுக்காரரே ஒரு வாரம் நன்றாகப் போனதும், "போதுமே, நிப்பாட்டலாமே" என்றார். டாக்டரிடம் போனில் கேட்டோம். இந்தப் பொடியால் குடல் சோம்பேறி ஆகாது, பாதியில் நிறுத்தித் திரும்ப அடைத்துக்கொள்வதுதான் குடலைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் சொந்தக்காரர்களிடம் வாதாடிப் பயனில்லை. பொடியைச் சமையலறைத் தட்டில் வைக்காமல் பீரோவில் வைத்தேன், பேச்சு நின்றது.

உட்காரும் பழக்கம்தான் மருந்துக்குச் சமமான மறுபாதி. சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பிறகு 5 முதல் 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கொல்லைக் கழிப்பறைக்குப் பதிலாக இரண்டாம் கட்டு ஓரத்தில் சும்மா கிடந்த அறையில் ஒரு வெஸ்டர்ன் கோப்பை வைத்தோம், குழந்தைக்கான சிறிய வளையம் போட்டு. செலவுதான், ஆனால் அயித்தையின் முழங்காலுக்கும் ஆயிற்று. கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால் மலக்குடலின் வளைவு நிமிர்ந்து வழி விடும். குந்தி உட்கார்வதில் இருக்கிற வசதியும் அதுவே. அதற்கு வீட்டில் இருந்த மரமணை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்துக் காலுக்கு வைத்தோம். வந்ததா வரவில்லையா என்று நான் கேட்பதில்லை. உட்கார்ந்தால் காலண்டரில் ஒரு ஸ்டிக்கர், அவளே ஒட்டுவாள். போனதற்குப் பரிசு கொடுத்தால், போகாத நாளில் அது தண்டனை ஆகிவிடும்.

பள்ளியில் சண்டை போடவில்லை. டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போய் வகுப்பு மிஸ்ஸிடம் கொடுத்து, கறை ஏன் வருகிறது என்பதை விளக்கினேன். கேட்டபோதெல்லாம் விடுவது, மாற்று ஜட்டி ஒன்று பையில் இருப்பது, டைரியில் எழுதாமல் என்னிடம் போனில் சொல்வது என்று மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார். அவருக்கும் அதுவரை இது பழக்கக் குறை என்றுதான் தெரிந்திருக்கிறது.

வீட்டு வைத்தியம் பற்றி எதிர்வீட்டுப் பெண் கேட்டாள், அவளுக்குக் கைக்குழந்தை. காய்ந்த திராட்சைத் தண்ணீரால் பெரிய பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பது வேண்டாம், வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலி வரும், ஏற்கெனவே பயந்த பிள்ளை இன்னும் அடக்கும். சோப்புத் துண்டையும் வெற்றிலைக் காம்பையும் ஆசனவாயில் வைப்பது இன்னும் மோசம், உள்ளே புண்ணாகும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமியால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். அவள் குழந்தைக்கோ உண்மையில் ஒன்றுமே இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு வாரம் போகாமல் இருந்தாலும், போகும்போது இளகலாக இருந்து, எடையும் ஏறினால் அது மலச்சிக்கல் ஆகாது. முகம் சிவக்க முக்கி அழுது கடைசியில் மெத்தென்று போகிற பச்சைக்குழந்தைகளும் உண்டு; அடிவயிற்றை முக்குவதும் ஆசனவாயைத் தளர்த்துவதும் ஒரே நேரத்தில் செய்யக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, தானாகச் சரியாகும்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. பிறந்த முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்குவது, பச்சையாக வாந்தி, வயிறு வீங்கி இறுகுவது, எடை ஏறாமல் நிற்பது, நாடா போல மெல்லியதாக மலம் வருவது, வெடிப்பு எதுவும் இல்லாமல் ரத்தம், கால் பலவீனம். இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், பொடி வாங்க மெடிக்கலுக்கு அல்ல.

சின்னவள் இப்போது இரண்டாம் வகுப்பு. நடுவில் ஒருமுறை திரும்ப வந்தது. தை மாதம் நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், அதைத் தொட்டு ஒரு கல்யாணம் என்று ஒரு வாரம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள், கழிப்பறை வாசலில் எப்போதும் ஆள். மறுபடி தூணுக்குப் பின்னால் நின்றாள். இப்படித் திரும்புவது சகஜம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் அலறவில்லை. போன் செய்து கேட்டு, குறைத்திருந்த பொடியைப் பழைய அளவுக்கு ஏற்றினோம். அடுத்த மாதம் திரும்பக் குறைக்க ஆரம்பித்தோம். இந்த வருஷம் விசேஷத்துக்கு ஆட்கள் வரும்போது அந்த உள்ளறைக் கழிப்பறையைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சாக்பீஸால் கதவில் எழுதி வைத்திருக்கிறார் அயித்தை, பெரியவர்கள் எல்லாம் கொல்லைக்கு.